நாற்காலி போட்டுத் துப்பாக்கியைத் தடுத்தவர்கள்

நாற்காலிக்காகச் சண்டையிட்டவர்களை நாம் அறிவோம். அண்ணனையும் தம்பியையும் பிரித்துவிட்ட நாற்காலிகள் உண்டு. நேற்றுவரை ஒரே மேடையிலே ஒரே ஒலிபெருக்கியின் முன் நின்றவர்களை, இன்று எதிரெதிர் மேடையிலே ஏற்றிவிட்ட நாற்காலிகளும் உண்டு. ஆனால், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே சண்டையைத் தடுத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

கேள்விப்பட வேண்டும், தோழர்களே! அதுவும் சிகாகோ நகரத்திலிருந்து வரும் சேதி இது. எட்டு மணி நேர வேலை என்ற உரிமைக்காக 1886-ஆம் ஆண்டிலே பாட்டாளி குருதி சிந்திய சிகாகோ! உலகத் தொழிலாளிக்கு மே நாளைத் தந்த சிகாகோ!

அந்த நகரின் தென்புறத்திலே எங்கிள்வுட் என்றொரு பேட்டை. கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பேட்டை. அங்கே 75-ஆம் தெருவும் ஸ்டூவர்ட் அவென்யூவும் கூடுகிற தெருமுனை. தெருமுனை என்றதும் நமக்குக் கூட்டம் நினைவுக்கு வரும். கொடி நினைவுக்கு வரும். அந்தப் பேட்டை மக்களுக்கோ தெருமுனை என்றால் துப்பாக்கியின் நினைவுதான் வரும். 2015-ஆம் ஆண்டுக் கோடையிலே அந்த முனையில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து என்ன நடக்கும் என்பது பேட்டைக்கே தெரியும். இவன் ஆள் விழுந்தால், அவன் ஆள் விழவேண்டும். அவன் ஆள் விழுந்தால், மறுபடியும் இவன் ஆள். அந்தக் கணக்கு தீர்வதே இல்லை.

அப்போது டாமர் மனாசே என்ற தாய் அந்த முனைக்கு வந்தார். போலீசோடு வரவில்லை, மந்திரியோடு வரவில்லை. மடக்கு நாற்காலியோடு வந்தார்! கூடவே இன்னும் சில தாய்மார்கள். நாற்காலிகளை விரித்தார்கள். அடுப்பை மூட்டினார்கள். இறைச்சியைச் சுட்டு, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் தட்டிலே போட்டுக் கொடுத்தார்கள். மாலையிலே வந்து உட்காருவார்கள். இருட்டும் வரை இருப்பார்கள். மறுநாளும் வருவார்கள். அதற்கு மறுநாளும் வருவார்கள். கோடை முழுவதும் இதுதான் வேலை.

இதற்குப் பெயர் போராட்டமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த முனையிலே துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிற பையனின் நிலையிலிருந்து பார்த்தால் புரியும். நேற்று தனக்குச் சோறு போட்டவள் உட்கார்ந்திருக்கிறாள். “டேய், சாப்பிட்டாயா?” என்று கேட்கிறாள். அவள் கண்ணெதிரே எடுத்துச் சுடுவானா? சட்டத்துக்கு அஞ்சாதவன் உண்டு, சிறைக்கு அஞ்சாதவன் உண்டு. தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு தாயின் பார்வைக்கு முன்னே கூசாதவன் குறைவு.

கையிலே லத்தியில்லை, கரண்டிதான் இருந்தது. அந்தக் கரண்டியை நம்பித்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

இதை ஏதோ இரக்கமுள்ள பெண்டிரின் தர்மகாரியம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் பல நகரங்களிலே, முப்பது ஆண்டுகளாக, தங்கள் தெருவைத் தாங்களே காத்துக்கொள்ளப் புறப்பட்ட ஏழை மக்களின் பெரும் முயற்சியிலே அது ஒரு துளி. அந்த முயற்சியைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். அதற்கு முன் எதிரியின் பலத்தைக் கணக்கெடுப்போம்.

நமது நாட்டிலே ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமானால், 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி லைசென்சு வேண்டும். கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்து செருப்புத் தேயும். அமெரிக்காவிலோ, துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று அரசியல் சட்டத்தையே காட்டுகிறார்கள். 1791-ஆம் ஆண்டில் சேர்த்த இரண்டாவது திருத்தம் அது. ஒரு முறை சுட்டுவிட்டு மருந்தும் குண்டும் மறுபடி இடித்து நிரப்ப வேண்டிய காலத்திலே எழுதிய சட்டம். விளைவு? 2018-இல் வெளியான ஒரு கணக்குப்படி, பொதுமக்கள் கையிலே மட்டும் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள்! நாட்டின் மக்கள் தொகையோ 33 கோடி. தொட்டில் குழந்தை முதல் ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டிலே அந்த நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 46,000-க்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பிறரால் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 18,000. நாள் ஒன்றுக்கு 49 பேர்!

பள்ளிக்கூடத்திலே புகுந்து எவனாவது சுட்டால் உலகமே அலறுகிறது, அலறத்தான் வேண்டும். ஆனால் அந்த 49 பேரில் பெரும்பாலோர் அப்படிச் சாவதில்லை. ஒருவர் இருவராகச் சாகிறார்கள். சந்திலே சாகிறார்கள், முனையிலே சாகிறார்கள், வீட்டுத் திண்ணையிலே சாகிறார்கள். மறுநாள் ஏட்டிலே மூன்று வரி. கறுப்பின இளைஞன் என்றால் அந்த மூன்று வரியிலும் ஒரு வரி குறையும்.

கொலையைச் சுருக்கிய அந்த ஏடுகள், பழியைச் சுருக்கவில்லை. “அந்த இனமே அப்படி, அவர்கள் இரத்தமே அப்படி” என்று சொல்பவர்கள் அங்கே ஏராளம். பிறப்பைக் காட்டிப் பழி சுமத்துவது எப்படியென்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே, பிறப்பை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்ப்போம். கலிபோர்னியா மாநிலத்து ரிச்மண்ட் என்ற ஊரைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ரிச்மண்டின் மக்கள் தொகை சுமார் 24,000. போர் வந்தது. கெய்சர் என்ற முதலாளி அங்கே நான்கு கப்பல் கட்டும் தளங்களை அமைத்தார். ஆள் வேண்டுமே! தென் மாநிலங்களிலிருந்து, டெக்சாசிலிருந்து, லூசியானாவிலிருந்து, ஆர்க்கன்சாசிலிருந்து கறுப்பினப் பாட்டாளிகள் குடும்பத்தோடு வந்தனர். சில ஆண்டுகளில் ஊர் ஒரு லட்சத்தை எட்டிற்று. போர் முடிவதற்குள் அந்தத் தளங்கள் கட்டி மிதக்கவிட்ட கப்பல்கள் 747! 1942 நவம்பரில் ஒரு முழுக் கப்பலை நான்கு நாள் 15 மணி நேரத்திலே கட்டி உலகை வியக்க வைத்தது அந்த ஊர். அந்தக் கப்பல்களிலே இருந்த பற்றுவைப்பிலே கலந்த வியர்வை யாருடையது என்று இரும்புக்கா தெரியாது?

1945-இல் போர் முடிந்தது. தளங்கள் மூடின. கப்பல் போயிற்று, கூலி போயிற்று. வெள்ளைத் தொழிலாளி வேறிடத்திலே வீடு வாங்கிக்கொண்டு போனான். கறுப்புத் தொழிலாளி போக முடியுமா? ரிச்மண்டின் ஓரத்திலேயே சர்க்காரின் கடன் உறுதியோடு கட்டிய ரோலிங்வுட் என்ற குடியிருப்பிலே, கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது என்பது நிபந்தனை! சர்க்கார் போட்ட நிபந்தனை! உழைக்க வரவேற்றார்கள், வாழக் கதவைச் சாத்தினார்கள். வேலையும் இல்லை, வெளியேற வழியும் இல்லை என்று ஒரு மக்களை இரண்டு தலைமுறை அடைத்து வைத்துவிட்டு, மூன்றாம் தலைமுறையின் கையிலே துப்பாக்கி எப்படி வந்தது என்று வியப்பது யாரை ஏய்க்க?

2007-ஆம் ஆண்டிலே, ஒரு லட்சம் பேர் வாழும் அந்தச் சிற்றூரில் 47 கொலைகள் விழுந்தன. ஊரே நடுங்கிற்று. அப்போதுதான் நகராட்சி ஒரு புதுமை செய்தது. போலீசுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனி அலுவலகத்தைத் திறந்தது. அதன் தலைவராக டிவோன் பாகன் வந்தார். களப்பணிக்கு அவர் யாரைச் சேர்த்தார் தெரியுமா? சிறை சென்று மீண்டவர்களை! அதே தெருக்களிலே ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கியவர்களை!

சிரித்தார்கள் சீமான்கள். “திருடன் கையிலே சாவியா?” என்றார்கள். பூட்டு எங்கே பழுது என்பது சாவி செய்தவனைவிடத் திருடனுக்குத்தானே நன்றாகத் தெரியும்?

பாகன் ஒரு கணக்கைக் கவனித்தார். 2009-இல் அந்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பகுதிக்கு 28 பேர்தான் காரணம் என்று காவல்துறையே சந்தேகித்தது. ஒரு லட்சம் பேரில் 28 பேர்! ஆனால் சாட்சியில்லை, சாட்சி சொல்ல ஆளில்லை, வழக்கில்லை. அவர்களை என்ன செய்வது? போலீசு காத்திருந்தது, எப்போது சிக்குவார்கள் என்று. பாகன் காத்திருக்கவில்லை. 2010-இல் அவர்களை நகர மன்றக் கட்டிடத்துக்கே அழைத்தார். விலங்கு மாட்டி அல்ல, விருந்தினராக. “உங்களை இந்த ஊருக்குத் தேவை” என்று சொல்லி. அதுவரை அந்த வார்த்தையை அவர்களிடம் யார் சொன்னார்கள்?

இருபதுக்கும் மேற்பட்டோர் முதல் அணியிலே சேர்ந்தனர். பதினெட்டு மாதத் திட்டம். ஒவ்வொருவனோடும் களப்பணியாளர் நாள்தோறும் பேச்சு. படிப்பை முடிப்பது, வண்டியோட்ட உரிமம் வாங்குவது, வேலை தேடுவது, குடியை விடுவது என்று ஒவ்வொருவனும் தன் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால், அதன்பின் ஒன்பது மாதம் வரை உதவித் தொகை, மாதம் 1,000 டாலருக்கு மிகாமல். இன்னொன்றும் உண்டு. வாஷிங்டனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூடப் பயணம் அழைத்துச் சென்றார்கள். நிபந்தனை? தன்னைக் கொல்லத் துடித்த எதிர்க்கோஷ்டிக்காரனோடு சேர்ந்து போகவேண்டும்! விமானத்திலே பக்கத்து இருக்கை. உண்ணுமிடத்திலே எதிர்த்த இருக்கை. பேட்டையிலே எதிரியின் முகம் துப்பாக்கிக் குழலுக்கு அப்பால்தான் தெரிந்தது. சோற்றுத் தட்டுக்கு அப்பால் அதே முகத்தைப் பார்த்தால், அவனுக்கும் தனக்குப் போலவே ஒரு பாட்டி வளர்த்த கதை இருப்பது தெரிகிறது.

எல்லாம் சர்க்கரைப் பாகாக நடந்தது என்று நாம் சொல்லவில்லை. 2011-இல் அந்த நகர மன்றக் கட்டிடத்துக்குள்ளேயே இரு கோஷ்டியினர் கைகலந்தனர். ஊர் கொதித்தது. களப்பணியாளர்கள் போலீசு விசாரணைக்குத் துணை செய்யவில்லை என்றும் குறை எழுந்தது. குறைதான், மறுக்கவில்லை. ஆனால் போலீசுக்குத் துப்புச் சொல்பவன் என்ற பெயர் ஒரு நாள் விழுந்தால், மறுநாள் அந்த இளைஞர்கள் ஒருவனும் அவனிடம் வாய் திறக்கமாட்டான். இந்த வேலையின் கத்தி முனை அதுதான். அதன் மேலேதான் நடக்கிறார்கள்.

“கொலைகாரனுக்குக் கூலியா?” என்று கேட்டார்கள். கேட்கட்டும், கணக்கிலேயே பதில் சொல்வோம். ஒருவனுக்கு உயர்ந்த அளவு உதவித் தொகை மொத்தமே 9,000 டாலர். அதுவும் தனியார் நன்கொடையிலிருந்து. அதே கலிபோர்னியாவிலே ஒருவனைச் சிறையிலே ஓராண்டு வைத்திருக்க இன்று ஆகும் செலவு ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அது மக்கள் வரிப்பணம். 9,000 கொடுத்தால் வீண்செலவு; ஒரு லட்சம் கொட்டினால் நீதி! இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலே படித்தார்களோ நமக்குத் தெரியாது.

2014-இல் ரிச்மண்டில் கொலைகள் 11. நாற்பத்தேழு எங்கே, பதினொன்று எங்கே! அந்த இறக்கம் முழுவதும் ஒரே திட்டத்தால் வந்தது என்று சொல்லமாட்டோம். அதே காலத்தில் காவல்துறையும் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எல்லாவற்றையும் சலித்துப் பார்த்து, இத்திட்டத்தோடு சேர்ந்து துப்பாக்கியால் வரும் சாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் ஆண்டுக்கு 55 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. அதே ஆய்வு, துப்பாக்கியில்லாத அடிதடிக் காயங்கள் 16 சதவீதம் கூடியதையும் சொல்லிற்று. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். கை நீள்கிறது, ஆனால் துப்பாக்கி நீளவில்லை. அடிபட்டவன் வீடு திரும்புகிறான்.

இந்த வழியிலே முன்னால் நடந்த ஊர் ஒன்றுண்டு. பாஸ்டன் நகரம். 1992 மே மாதத்திலே, சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு ஒரு தேவாலயத்திலே நடந்துகொண்டிருக்கும்போது, கோஷ்டிக்காரர்கள் உள்ளே புகுந்து ஆராதனைக் கூடத்திலேயே ஒருவனைத் தாக்கினார்கள். அன்றுவரை மேடையிலே நின்று அறிவுரை சொன்ன கறுப்பினப் பாதிரிமார் சிலர், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நள்ளிரவிலே தெருவுக்கு இறங்கினார்கள். நாம் பூசாரிகளைப் புகழ்கிறவர்கள் அல்ல. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும்: அவர்கள் உபதேசம் செய்யப் போகவில்லை, கேட்கப் போனார்கள். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 61 கோஷ்டிகள், சுமார் 1,300 பேர். ஊர் இளைஞரில் நூற்றுக்கு ஒருவர் கூட அல்ல! ஆனால் இளைஞர் கொலைகளில் நூற்றுக்கு அறுபதாவது அவர்களால். 1996 மே மாதம் அவர்களைக் கூட்டி வைத்துப் போலீசும் பாதிரிமாரும் தெருப் பணியாளரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: “வேலை வேண்டுமா, படிப்பு வேண்டுமா, தருகிறோம். ஒரு பிணம் விழுந்தால் கோஷ்டி முழுவதையும் விடமாட்டோம்.” 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரி 44 இளைஞர்கள் கொலையுண்ட அந்த ஊரிலே, 1997-இல் மாண்டவர் 15 பேர். அந்த வழியிலே மிரட்டலும் கலந்திருந்தது. நமக்கு அது முழுவதும் உவப்பல்ல.

மீண்டும் சிகாகோவுக்கே வருவோம். கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர் சோமாலியாவின் அகதி முகாம்களிலே காலராவோடும், உகாண்டாவிலே எய்ட்சு நோயோடும் போராடிவிட்டு, 1995-இல் தாய்நாடு திரும்பினார். கொலைகள் விழுந்த இடங்களை வரைபடத்திலே குறித்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது காலரா பரவிய வரைபடமாகவே தெரிந்தது! ஒரு கொலை இன்னொரு கொலையைப் பெறுகிறது. ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் தொற்றுகிறது. காலராவைத் தடுக்க முகாம் மக்களிலிருந்தே பணியாளரைப் பழக்கியது போல, கொலையைத் தடுக்கவும் அந்தப் பேட்டையிலிருந்தே ஆள் வேண்டும் என்றார். 2000-இல் மேற்கு கார்பீல்டு பார்க் என்ற பேட்டையிலே தொடங்கினார். 2004-இல் டியோ ஹார்டிமன் என்ற தோழர் அதற்கு ஒரு புதுப் படையைச் சேர்த்தார். குறுக்கே நிற்போர் படை!

அந்தப் படையின் வேலை என்ன? ஒருவன் சுடப்பட்டு மருத்துவமனையிலே கிடக்கிறான். அவன் தம்பி வீட்டிலே தோட்டாவை நிரப்புகிறான். போலீசுக்கு இன்னும் சேதி எட்டவில்லை. ஆனால் பேட்டையிலே பிறந்து வளர்ந்த நம் ஆளுக்கு எட்டிவிட்டது. தம்பியின் வாசலிலே போய் நிற்கிறான். “நானும் உன்னைப் போலத் துடித்தேன். சுட்டேன். பதினைந்து ஆண்டு கம்பிக்குள்ளே கிடந்தேன். என் தாயின் சாவுக்கு வர முடியவில்லை. உன் அண்ணனுக்கு இப்போது வேண்டியது உன் துப்பாக்கியா, பக்கத்திலே நீயா?” என்று கேட்கிறான். பேசுகிறான், விடியும்வரை பேசுகிறான். கோபம் தணியும்வரை காரிலே ஏற்றி ஊரைச் சுற்றுகிறான். பக்கத்து அறையிலே பாட்டியை எழுப்பி உட்கார வைக்கிறான். அன்றிரவு எவனும் சாகவில்லை. மறுநாள் ஏட்டிலே செய்தியும் இல்லை. நடவாத கொலைக்கு ஏது தலைப்பு?

பேச்சுத்தானே, பேச்சினால் என்ன ஆகும் என்று நம்மைப் பார்த்தும் சிலர் ஏளனம் செய்வதுண்டு. பேச்சையே படைக்கலனாகக் கொண்ட நமக்கு, இந்த மனிதர்களின் பேச்சு எத்தகையதென்று புரிகிறது. கைதட்டலுக்காகப் பேசுவதல்ல அது. சபையிலே ஒரே ஒருவன்தான் கேட்போன். அவன் கையிலே துப்பாக்கி!

இவர்களில் ஒருவர் அமீனா மேத்யூஸ் என்ற பெண்மணி. சிகாகோவின் புகழ்பெற்ற கோஷ்டித் தலைவர் ஜெப் போர்ட்டின் மகள். தகப்பன் கட்டிய கோட்டையின் வாசலிலே நின்று மகள் சண்டையை விலக்கினார். 2011-இல் வெளிவந்த ‘தி இன்டரப்டர்ஸ்’ என்ற ஆவணப் படம் அவரையும் அவரது தோழர்களையும் உலகுக்குக் காட்டிற்று.

பலன் உண்டா என்று படித்தவர்கள் ஆராய்ந்தார்கள். சிகாகோவிலே ஆராய்ந்த ஏழு பேட்டைகளில் நான்கிலே துப்பாக்கிச் சூடு 16 முதல் 28 சதவீதம் வரை குறைந்ததை அவர்கள் திட்டத்தின் கணக்கிலே வைத்தார்கள். மற்ற மூன்றிலே அப்படிச் சொல்ல முடியவில்லை. பிட்ஸ்பர்க் நகரிலே இதைப் போன்றதொரு திட்டம் பலனளிக்கவில்லை. சில பேட்டைகளிலே தாக்குதல் கூடவும் செய்தது. ஆகவே இது மந்திரக்கோல் அல்ல. மந்திரத்தை நம்பாத நமக்கு அதனாலேயே இதன்மீது மதிப்பு கூடுகிறது. யார் செய்கிறார்கள், எத்தனை நாள் விடாமல் செய்கிறார்கள், கூலி ஒழுங்காக வருகிறதா என்பதைப் பொறுத்தே இது பலிக்கும் அல்லது பாழாகும்.

கூலி! அங்கேதான் வருகிறோம்.

2015 மார்ச் மாதத்திலே, இல்லினாய் மாநில சர்க்கார் பட்ஜெட் நெருக்கடி என்று காரணம் சொல்லி, சிகாகோவின் அந்தத் திட்டத்துக்குத் தந்த பணத்தை நிறுத்திற்று. பெரும்பாலான பேட்டைகளிலே அலுவலகம் பூட்டப்பட்டது. பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 2016-இல், சிகாகோவிலே கொலையுண்டோர் 760-க்கு மேல்! அதற்குமுன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அத்தனை பேர் மாண்டதில்லை. பூட்டிய கதவுக்கும் விழுந்த பிணத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பதிலே அறிஞர்களிடையே வழக்கு உண்டு. வேறு காரணங்களும் இருந்தன. வழக்கு நடக்கட்டும். வெள்ளம் வருகிற பருவத்திலே கரையைக் காப்பவனுக்குச் சீட்டுக் கிழித்தவனைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றத்தான் வேண்டும்.

பிறகு காற்று திரும்பிற்று. 2022-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, இத்தகைய முயற்சிகளுக்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் என்று ஒதுக்கிற்று. பேட்டையிலே பாடுபட்டவனுக்கு மத்திய சர்க்காரின் சம்பளம் எட்டிற்று. 2023-லும் 2024-லும் நாடெங்கும் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. போலீசு தன்னால் என்றது, மேயர் தன்னால் என்றார். குறுக்கே நின்றவன் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு இரவு வேலை இருந்தது.

குறைந்துவிட்டதே, இனி எதற்குக் கூலி என்று நினைத்தார்களோ என்னவோ! 2025 ஏப்ரலிலே அமெரிக்க நீதித் துறை 360-க்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே வீச்சிலே வெட்டிற்று. மதிப்பு 80 கோடி டாலருக்கும் மேல். எல்லாம் இந்த வேலைக்கானவை அல்ல. ஆனால் இந்த வேலைக்கானவையும் அதிலே அடக்கம். பாதி வழியிலே இருந்த திட்டங்கள், பாதி மாதத்துச் சம்பளம், எல்லாம் அந்தரத்திலே! ஆலையிலே கதவடைப்பு என்றால் என்னவென்று நமது தோழர்களுக்குத் தெரியும். இது தெருவின் கதவடைப்பு.

எந்த வேலைக்கு இந்தக் கதவடைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். பால்டிமோர் நகரிலே 2007 முதல் இதே வழியில் நடந்துவரும் ‘சேப் ஸ்ட்ரீட்ஸ்’ என்ற படையிலே டான்டே பார்க்ஸ்டேல் என்றொருவர் இருந்தார். போதைப் பொருள் விற்றுச் சிறை சென்று மீண்டவர். அந்த ஊரின் பிள்ளைகளுக்கு அவர் அண்ணன். 2021 ஜனவரியிலே, தாம் காக்க வந்த பேட்டையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையிலே அந்தப் படையின் இன்னொரு பணியாளர் மாண்டார். 2022 ஜனவரியிலே மூன்றாமவர். ஓராண்டுக்குச் சற்று மேல்; மூன்று பிணங்கள். போர்வீரன் மாண்டால் குண்டு முழங்கி அடக்கம் செய்வார்கள். குண்டு முழங்கக் கூடாது என்று மாண்டவனுக்கு என்ன மரியாதை செய்வது? அவன் தோழர்கள் மறுபடியும் சட்டையை மாட்டிக்கொண்டு அதே தெருவுக்குப் போனார்கள். 2015 முதல் 2022 வரை ஆண்டுதோறும் 300-க்கு மேற்பட்ட கொலைகளைக் கண்ட பால்டிமோரிலே, 2024-இல் நடந்தவை 201.

நாம் தொடங்கிய 75-ஆம் தெருவின் முனை? அங்கேயும் தோட்டா வந்தது. 2019 ஜூலையிலே ஓர் இரவு, ஓடும் காரிலிருந்து வந்த குண்டுகளுக்கு இரண்டு பெண்கள் பலியானார்கள். இருவரும் பிள்ளை பெற்ற தாய்மார்கள். அந்த நாற்காலிக் கூட்டத்தோடு உழைத்தவர்கள். குறி அவர்கள் மீதல்ல என்றது போலீசு. டாமர் மனாசேயும் மற்றவர்களும் அந்த முனையை விட்டுப் போகவில்லை. கூலி கேட்டு வந்தவர்களல்ல. ஆகவே எவரும் கூலியை நிறுத்தி அவர்களை அனுப்பவும் முடியவில்லை. நாற்காலிகள் மறுபடியும் அங்கேயே வந்தன. அடுப்பும் வந்தது.